முதல் ஆள், இரண்டாவது ஆள்

ஜூன் 3, திங்கள்

மதுரையில் மூன்று நாள் பயிற்சி முடித்து, கழுத்தில் அட்டையும் கையில் கேள்விகள் ஏற்றிய டேப் கம்ப்யூட்டருமாகக் கோவில்பட்டிக்கு வந்து இறங்கியாயிற்று. ஓட்டர் லிஸ்ட் சரிபார்த்திருக்கிறேன், ரேஷன் கார்டு விசாரணைக்குப் போயிருக்கிறேன், ஒரு தடவை ஆடு மாடுகூட எண்ணியிருக்கிறேன். இந்தத் தடவை எண்ண வேண்டியது நோய். நாடு முழுக்க எடுக்கிறார்களாம்.

பயிற்சி கொடுத்த டாக்டரம்மா நன்றாகத்தான் விளக்கினார். செத்தவர்களை மட்டும் எண்ணினால் ஒரு நாட்டில் நோய் எவ்வளவு என்று தெரியாதாம். முட்டுவலியோடு இருபது வருஷம் நடமாடுகிறவளும் எதையோ இழந்துகொண்டுதானே இருக்கிறாள், அதையும் சேர்க்க வேண்டும். சேர்ப்பதற்கு ஒவ்வொரு நோய்க்கும் ஓர் எடை வேண்டும். அந்த எடையை டாக்டர்கள் போடுவதில்லை, ஜனங்களைக் கேட்டுத்தான் போடுவார்களாம். அதனால் கேள்விகள் இரண்டு பாகம். முதல் பாகத்தில், வீட்டில் யாருக்கு என்ன நோய் என்று கேட்க வேண்டும். இரண்டாம் பாகத்தில், டேப்பில் வரும் இரண்டு கற்பனை ஆட்களைப் பற்றி வாசித்துக் காட்டி, யார் அதிக ஆரோக்கியமானவர் என்று கேட்க வேண்டும். முதல் ஆளுக்குக் காது கேட்காது, இரண்டாவது ஆளுக்கு முதுகுவலி, இந்த மாதிரி. சுலபமான வேலை.

மகள் தங்கமாரி ஆடிட்டர் ஆபீசுக்குக் கிளம்பும் அவசரத்தில் மாத்திரையை மறந்துவிட்டாள். பின்னாலேயே ஓடி பஸ் ஸ்டாப்பில் கொடுத்துவிட்டு வந்தேன். சத்து மாத்திரைதான்.

ஜூன் 5, புதன்

சுலபம் என்று எழுதிய என் வாயில் வசம்பை வைத்துத் தேய்க்க வேண்டும்.

கடலையூர் ரோட்டுப் பக்கம் ஒரு வீடு. முதல் ஆளுக்குப் பார்வை மங்கல், இரண்டாவது ஆளுக்கு நடந்தால் மூச்சு வாங்கும், இரண்டு பேரில் யார் ஆரோக்கியமானவர் என்று கேட்டேன். அந்த அம்மாள் வெகு நேரம் யோசித்துவிட்டு, "முதல் ஆளுக்கு மருமக எப்படி?" என்றாள். அதெல்லாம் சொல்லக் கூடாது, டேப்பில் உள்ளதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்கக் கூடாது என்பது விதி. மருமகளைப் பற்றித் தெரியாமல் எப்படிச் சொல்ல முடியும் என்று அவள் வாதாடினாள். மருமகள் நல்லவளாக இருந்தால் கண் மங்கல் ஒரு கஷ்டமே இல்லையாம். சரியில்லை என்றால் கால் ஆணியே போதுமாம், ஆளை முடித்துவிடுமாம். பக்கத்து வீட்டிலிருந்து ஒருத்தி வந்து ஆமாம் என்றாள்.

அடுத்த வீட்டுத் தையல்காரர், ஆள் என்ன தொழில் பார்க்கிறார் என்று சொன்னால்தான் பதில் சொல்வேன் என்று நின்றுவிட்டார். இன்னொரு வீட்டில் ஒருவர் இரண்டாவது ஆளின் போன் நம்பரைக் கேட்டார். முதுகுவலிக்கு அவருக்குத் தெரிந்த நல்ல வைத்தியர் இருக்கிறாராம், தானே கூட்டிக்கொண்டு போகிறாராம். அப்படி ஓர் ஆளே கிடையாது அண்ணாச்சி என்று சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. எனக்கே பாவமாகப் போய்விட்டது.

ஜூன் 7, வெள்ளி

வெள்ளிக்கிழமையும் அதுவுமாக வீட்டு வாசலில் நின்று நோய் உண்டா என்று கேட்கலாமா என ஒரு அம்மாள் திருப்பி அனுப்பிவிட்டாள். குங்குமம் கொடுத்துத்தான் அனுப்பினாள்.

ஜூன் 12, புதன்

சூப்பர்வைசர் பெலிக்ஸ் நாகர்கோவில் பையன், மரியாதை தெரிந்தவன். இன்று போனில் அந்த மரியாதை கொஞ்சம் குறைந்திருந்தது.

"அக்கா, உங்க வார்டுல யாருக்குமே ஒரு நோயும் இல்லையே. இந்தியாவிலேயே ஆரோக்கியமான ஜனங்க உங்க கடலையூர் ரோட்டுலதான் இருக்காங்க. மெட்ராஸ்ல சிரிக்கிறாங்க."

என்ன சொல்ல வருகிறான் என்று எனக்குத் தெரியாதா? வீட்டில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து இஷ்டத்துக்கு அமுக்கிவிட்டேன் என்கிறான். இந்த வெயிலில் செருப்புத் தேய அலைகிறவளைப் பார்த்து! ஜூலையில் ஒரு குழு வந்து சில வீடுகளில் திரும்பக் கேட்பார்களாம். ஒத்துப்போகவில்லை என்றால் நான் எடுத்த அத்தனை வீடும் தள்ளுபடி. வந்து பார்க்கட்டும்.

என்னோடு வேலை பார்க்கிற ஆமினா கயத்தாறுக்காரி, வாய்த்துடுக்கு ஜாஸ்தி. உங்க வார்டுல ஒரு வீடு வாடகைக்குப் பாருங்க யக்கா, அங்க குடிவந்தா சாவே வராது போலயே என்கிறாள்.

ரோஷம் வந்து இன்று இரண்டு வீடுகளுக்குத் திரும்பப் போனேன். நோய் எதுவும் இல்லை என்று போன வாரம் அடித்துச் சொன்ன பெரியவர், நான் உட்கார்ந்திருக்கும்போதே ஃப்ரிட்ஜைத் திறந்து இன்சுலின் எடுத்துப் போட்டுக்கொண்டார். இது என்ன என்று கேட்டேன். "இது சுகரு. சுகர்லாம் ஒரு நோயா தாயி? நோயின்னா படுத்துக் கிடக்கணும்லா" என்கிறார். பிரஷர் நோயில்லை, கேஸ் டிரபிள் நோயில்லை, மூட்டுவலி வயசு. இந்த ஊரில் நோய் என்று பெயர் வாங்க வேண்டுமானால் அது ஆளைக் கட்டிலில் சாய்க்க வேண்டும்.

கல்யாண வயதில் பிள்ளை இருக்கிற வீடுகள் வேறு ஜாதி. அங்கே தும்மல்கூடக் கிடையாது. கேள்வியை முடிப்பதற்குள் "ஆண்டவன் புண்ணியத்துல ஒன்னும் இல்ல" என்று கதவைச் சாத்துகிறார்கள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்றான், அரசாங்கக் கணக்கிலும் சொல்லச் சொன்னானா? இப்படி மறைத்தால் நாடு எப்படி ஆஸ்பத்திரி கட்டும், எப்படி மருந்து அனுப்பும்? வயிறு எரிகிறது.

ஜூன் 14, வெள்ளி

ஜாதகம் பொருந்திவிட்டது! பையன் பாலகணேஷ், சென்னையில் ரயில்வே சிக்னல் பிரிவு. அப்பா இல்லை. அம்மா ராஜாமணி, சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர், எட்டயபுரம் ரோட்டில் சொந்த வீடு. இருபத்து மூன்றாம் தேதி பெண் பார்க்க வருகிறார்கள். ஆடி பிறந்துவிட்டால் எதுவும் பேச முடியாது, அதற்குள் பூ வைத்துவிட வேண்டும். தங்கமாரிக்கு இருபத்தாறு முடியப்போகிறது. இதற்கு முன் வந்த இரண்டு இடமும் ஏன் தட்டிப்போயின என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

வீட்டை ஒழுங்குபண்ணினேன். ஃப்ரிட்ஜ் மேலிருந்த மாத்திரை அட்டைகளை அரிசி டிரம்மில் போட்டு மூடிவிட்டேன். தூசி படுகிறது.

ஜூன் 16, ஞாயிறு

நல்ல கூத்து. எங்கள் தெரு ஆமினாவின் பகுதி. கம்ப்யூட்டர் பொறுக்கிப் போட்ட வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. காலை பத்து மணிக்கு அட்டையை மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறாள், முன்பின் தெரியாதவள் மாதிரி வணக்கம் வேறு சொல்கிறாள்.

வீட்டில் யாருக்காவது நோய் உண்டா என்று கேட்டாள். என் வீட்டுக்காரர் தன் பிரஷரைச் சொன்னார். எனக்குக் குதிகால் வலி என்று சொன்னேன். வேறு யாருக்காவது என்றாள். இல்லை என்றேன். நீண்டகால மருந்து யாரும் எடுக்கிறார்களா என்றாள். இல்லை என்றேன். அடுப்படியில் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. தங்கமாரி அங்கேதான் இருந்தாள்.

அப்புறம் இரண்டாம் பாகம். என் கெட்ட நேரம், டேப்பில் வந்தது இதுதான். முதல் ஆளுக்கு எப்போதாவது வலிப்பு வரும், மருந்து சாப்பிடுகிறார், மற்ற நாளெல்லாம் எல்லோரையும் போல வேலை பார்க்கிறார். இரண்டாவது ஆளுக்குப் பற்கள் இல்லை, கடினமானதைச் சாப்பிட முடியாது. ஆமினா வாசித்து முடிப்பதற்குள் முதல் ஆள்தான் ஆரோக்கியம் என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. மருந்து சாப்பிட்டால் அவளுக்கு என்ன குறை, ஆபீஸ் போகிறாள், கணக்குப் பார்க்கிறாள், கோலம் போடுகிறாள், பல் இல்லாதவரைவிட நூறு மடங்கு மேல் என்று பேசிக்கொண்டே போனேன். ஆமினா, "டேப்புல ஆணா பொண்ணான்னு போடலயே யக்கா" என்றாள். நான் காபி போட எழுந்துவிட்டேன்.

தலைவலி. சீக்கிரம் படுத்துக்கொண்டேன்.

ஜூன் 19, புதன்

ஒரு விஷயம் பிடிபட்டது. தன் வீட்டு நோயைக் கேட்டால் வாயைத் திறக்காதவர்கள், டேப்பில் உள்ள ஆளைப் பற்றிக் கேட்டால் உண்மையைக் கொட்டிவிடுகிறார்கள். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று பெலிக்ஸ் கேட்டான். அனுபவம் என்றேன்.

அதனால் பாகங்களின் வரிசையை மாற்றலாமா என்று கேட்டேன். முதலில் இரண்டு ஆட்களின் கதை, அதற்கப்புறம் வீட்டுக் கேள்வி. கேட்கும்போதும் 'நோய்' என்று கேட்காமல், தினமும் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பது. அவன் மதுரையில் கேட்டான், டாக்டரம்மா என் வார்டில் மட்டும் செய்து பார்க்கச் சொல்லிவிட்டார். வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொள்ளும்.

இன்று சுகர்க்காரப் பெரியவர் வீட்டிலேயே ஆரம்பித்தேன். இரண்டாவது ஆளுக்குப் பாதம் மரத்துப்போகும் என்று வாசித்ததும் அவர் சம்சாரம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அந்த ஆளு செருப்பு கழண்டதுகூடத் தெரியாம ரோட்டுல நடப்பாரு. சொன்னா கோவம் வரும்" என்றாள். பெரியவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு தன் பாதத்தைப் பார்த்தார். அப்புறம் எல்லாம் தானாக வந்தது.

ஜூன் 23, ஞாயிறு

வந்தார்கள். பையன் கொஞ்சம் கறுப்பு, நல்ல சிரிப்பு. தங்கமாரி கிளிப்பச்சைப் பட்டில் வந்து நின்றபோது என் கண்ணே பட்டுவிட்டது. இரண்டு பேரையும் மாடியில் பேச அனுப்பினோம். இறங்கி வந்தபோது இரண்டு பேர் முகமும் எனக்குத் திருப்தி.

ராஜாமணி அம்மா நிதானமானவர். என்னை மதினி என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார். ஆனால் வீடு வீடாகப் போய்ப் போய் என் கண்ணுக்கு ஒரு வியாதி பிடித்துவிட்டது, எதையும் சும்மா பார்க்க முடிவதில்லை. அந்த அம்மா வலது கையை முந்தானைக்குள்ளேயே வைத்திருந்தார். காபி டம்ளரை இடது கையால் எடுத்தார், ஒரு வாய் குடித்தார், வைத்துவிட்டார். கேசரியைத் தொடவே இல்லை. கிளம்பும்போது முந்தானை விலகியது. விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. பயத்தில் வருகிற நடுக்கம் இல்லை அது. அந்த நடுக்கமும் டேப்பில் இருக்கிறது, எழுபது தடவையாவது வாசித்திருப்பேன்.

உள்ளதை எழுதிவிடுகிறேன். எனக்கு சந்தோஷமாக இருந்தது. அவர்களும் ஒன்றை மறைக்கிறார்கள். மாமியாருக்கு இப்படி என்று தெரிந்தால் யார் பெண் கொடுப்பார்கள் என்று பயந்திருப்பார். அவர்கள் சொல்ல வேண்டாம், நாமும் சொல்ல வேண்டாம். சரிக்குச் சரி.

ஜூன் 24, திங்கள்

சரிக்குச் சரி என்பதைத் தங்கமாரியிடமும் சொல்லித் தொலைத்தேன். அவள் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு, "ஏம்மா, அவங்க கையையும் என் தலையையும் தராசுல வச்சா நிறுக்க?" என்றாள். கல்யாணம் ஆகி அந்த வீட்டிலும் அரிசி டிரம்மிலிருந்துதான் மாத்திரை எடுக்க வேண்டுமா என்று கேட்டாள். ரசம் ஊற்றட்டுமா என்று கேட்டேன்.

அவள் அப்பா வழக்கம்போல எதுவும் சொல்லவில்லை. பணிமனையில் டைம் கீப்பராக இருந்து இருந்து, பஸ் எப்போது வரும் எப்போது போகும் என்பதைத் தவிர எதிலும் அபிப்பிராயம் சொல்ல மாட்டார்.

ஜூன் 25, செவ்வாய்

பெலிக்ஸ் போன். "அக்கா, இப்ப இந்தியாவிலேயே அதிகமா நோய் இருக்கிறது உங்க வார்டுலதான். எதுல கை வச்சாலும் இப்படியா செய்வீங்க?" ஆனால் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். மற்ற வார்டுகளிலும் இப்படியே கேட்கச் சொல்லி மதுரையிலிருந்து உத்தரவு வந்துவிட்டதாம். ஆமினாவுக்கு மிக்சர் வாங்கிக் கொடுத்தேன்.

ஜூன் 28, வெள்ளி

கை ஓடவில்லை, இருந்தாலும் எழுதிவிட வேண்டும்.

பிற்பகல் வாசலில் ஆட்டோ சத்தம். ராஜாமணி அம்மா மட்டும் தனியாக வந்திருந்தார். சும்மாதான் வந்தேன் என்றார். உட்கார்ந்தார். வெயிலைப் பற்றிப் பேசினார், சத்துணவு முட்டையைப் பற்றிப் பேசினார், மறுபடி வெயிலுக்கு வந்தார். தங்கமாரி இன்று ஆபீசுக்கு லீவு. அவள்தான் காபி கொண்டுவந்தாள். பெரிய டம்ளரில் பாதிதான் ஊற்றியிருந்தாள். விருந்தாளிக்கு அரை டம்ளரா என்று நான் முறைத்தேன். ராஜாமணி அம்மா டம்ளரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு முந்தானையிலிருந்து வலது கையை வெளியே எடுத்து டம்ளரைப் பிடித்துக் குடித்தார். கை ஆடியது. ஒரு சொட்டும் சிந்தவில்லை.

அவர் டம்ளரை வைத்ததும் தங்கமாரி தரையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டாள்.

"அத்தை, எனக்கு ஃபிட்ஸ் உண்டு. பிளஸ் டூ படிக்கையில வந்துச்சு. தினமும் மாத்திரை சாப்பிடுதேன். கடைசியா வந்து நாலு வருஷம் ஆச்சு. வண்டி ஓட்ட மாட்டேன், ராத்திரி முழிக்க மாட்டேன். மத்தபடி எல்லாம் செய்வேன்."

ஃபிட்ஸ். இந்த டைரியில் அந்த வார்த்தையை இன்றுதான் எழுதுகிறேன்.

ராஜாமணி அம்மா என்னைப் பார்த்து, "என் கையப் பத்திச் சொல்லணும்னுதான் வந்தேன் மதினி. சொல்லாம நிச்சயம் பண்ணக் கூடாதுன்னு பாலகணேஷ் சொல்லிட்டான். எனக்குத்தான் வாய் வரல. இந்தப் பிள்ளைக்கு வந்துட்டு" என்றார். டாக்டர் இது வருஷம் போகப்போகக் கூடத்தான் செய்யும் என்றாராம். தங்கமாரியைப் பற்றி, இதை நான் ஒருத்தி முடிவுசெய்ய முடியாது, மகனிடமும் அவன் பெரியப்பாவிடமும் கேட்டுச் சொல்கிறேன் என்றார். நான் ஒரு தட்டில் பழம் வைத்துக் கொடுத்தேன். அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டுதான் போனார். வாங்கிக்கொண்டார் என்றால் நல்ல சகுனமா, வெள்ளிக்கிழமை என்று மரியாதைக்கு வாங்கிக்கொண்டாரா?

தங்கமாரியை நாலு சாத்துச் சாத்தலாம் போல இருந்தது. கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. இரண்டும் செய்யாமல் துணி மடித்தேன்.

ஜூன் 29, சனி

போன் வரவில்லை.

ஜூன் 30, ஞாயிறு

போன் வரவில்லை. நானே செய்யலாமா என்று கேட்டேன். தங்கமாரி என் போனை வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டாள். குழம்பில் உப்பு இரண்டு தடவை போட்டிருக்கிறேன், வீட்டுக்காரர் அதையும் வாயைத் திறக்காமல் சாப்பிட்டு எழுந்தார்.

ஜூலை 1, திங்கள்

காலையில் ஆமினாவை வரச்சொன்னேன். எங்கள் வீட்டுப் பதிவைத் திருத்த வேண்டும் என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை, பெலிக்சிடம் அனுமதி வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். எதிர்வீட்டு லீலாவதி வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், அவள் காது பாம்புக் காது. கதவைச் சாத்தட்டுமா யக்கா என்றாள் ஆமினா. திறந்தே இருக்கட்டும் என்றேன்.

மகளுக்கு வலிப்பு உண்டு, இத்தனை வருஷமாக இந்த மாத்திரை, இந்த அளவு என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். எத்தனை வீட்டில் போய் எத்தனை பேரை நாட்டுக்கு உண்மை சொல்லவில்லை என்று வைதிருக்கிறேன். ஊருக்குத்தான் உபதேசம். ஆமினா எழுதி முடித்துவிட்டு, "இப்ப இந்தியாவோட கணக்குல தங்கமாரியும் வந்துட்டா யக்கா" என்றாள். மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தேன். அந்த இடத்துக்காரர்கள் என்ன சொல்லப்போகிறார்கள் என்பது இன்னும் தெரியாது. தெரிந்த பிறகு திருத்தினால் அதற்குப் பெயர் திருத்தம் இல்லை.

ஜூலை 3, புதன்

சாயங்காலம் அரிசி களைந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. தங்கமாரி பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

ராஜாமணி அம்மாதான். வீட்டில் பேசினோம் என்றார். பெரியப்பா கொஞ்சம் இழுத்தாராம், ஒரு நாள் சாப்பிட வராமல்கூட இருந்தாராம். சரி, சொல்லுங்க மதினி என்றேன்.

"பாலகணேஷ் ஒன்னு கேக்கச் சொன்னான் மதினி. கல்யாணம் முடிஞ்சு மெட்ராஸ் போணும்லா. ராத்திரி ரயில்னா தங்கமாரிக்குத் தூக்கம் கெடுமே, பகல் ரயில்லயே டிக்கெட் போட்டுரவான்னு கேக்கான்."

எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் போனைக் காதில் வைத்துக்கொண்டு அழுதேன். அந்தப் பக்கம் ராஜாமணி அம்மா மதினி, மதினி என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். என் வீட்டுக்காரர் எழுந்து வந்து போனை வாங்கினார். இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் முதல் தடவையாகச் சம்பந்தி பேச்சில் வாயைத் திறந்தார். "பகல் ரயிலுன்னா விடியக்காலமே ஸ்டேஷனுக்குப் போணும். அதுலயும் தூக்கம் கெடும்லா. நல்லா யோசிச்சுப் போடச் சொல்லுங்க" என்றார்.

தங்கமாரி அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். "அத்தை, அதை நானே அவருகிட்டப் பேசிக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஏறினாள்.

ஆடி பிறப்பதற்கு முன்னால் பன்னிரண்டாம் தேதி நல்ல முகூர்த்தம் இருக்கிறது, அன்றைக்கே பூ வைத்துவிடலாம். சோறு வடித்து, துவையல் அரைத்து, அப்பளமும் பொரித்துவிட்டேன். அவள் இன்னும் இறங்கவில்லை. ஒரு ரயிலைப் பற்றிப் பேச இவ்வளவு நேரமா என்று நான் கேட்கப்போவதில்லை.